எர்த் எடுத்தாச்சு

"என் பெண்டாட்டி ஒரு தடவை கரண்ட்டுலயே குளிச்சிருக்கா. அதுவும் சுடச்சுட கரண்ட், கழுத்து வரைக்கும். அது அவளைப் பார்த்துப் பயந்துபோய் ஓரமா ஒதுங்கி நின்னுச்சு. அது மட்டுமா? நான் வர்ற வரைக்கும் வாயைத் திறக்காதேன்னு சொன்னேன். திறக்கலை!"

முடிதிருத்தும் கடையில் லட்சம் இப்படிச் சொன்னபோது முதல் பாதிக்கு யாரும் அசரவில்லை. இரண்டாம் பாதிக்குத்தான் சிரிப்பு கிளம்பியது. பாதி முகத்தில் நுரையோடு உட்கார்ந்திருந்தவர் சிரித்த சிரிப்பில் நுரை கண்ணாடியில் போய் ஒட்டியது. ஒரு மனுஷி கரண்ட்டில் குளித்தாள் என்றால்கூடப் போகட்டும் என்று விட்டுவிடலாம். அந்த அம்மா வாயைத் திறக்கவில்லை என்று சொன்னால் எந்த ஊரில் நம்புவார்கள்?

லட்சம் என்பது தெரு வைத்த பேர். மனிதர் லாரி எடை போடும் மேடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கூட்டிச் சொன்னால் வாங்குகிறவன் சண்டைக்கு வருவான், குறைத்துச் சொன்னால் விற்கிறவன் வருவான். அந்தப் பயத்திலேயே வேலைக்காலம் முழுக்க நாக்கைக் கட்டிப் போட்டிருந்தவர், ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் அதை அவிழ்த்துவிட்டார். அன்று ஓடத் தொடங்கிய நாக்கு இன்னும் வீடு திரும்பவில்லை. தூறல் விழுந்தால் லட்சம் வாளி தண்ணீர். கொசு கடித்தால் லட்சம் கொசு. பல் வைத்தியர் "கொஞ்சம் வலிக்குதா?" என்று கேட்டதற்கு, "கொஞ்சமா? உள்ளே லட்சம் பேர் கடப்பாரையோட நிக்கிறாங்க டாக்டர்" என்றவர்.

ஆனால் அந்தக் கரண்ட் குளியல் நடந்ததுதான். அதில் அவர் கூட்டிச் சொல்வது, கரண்ட் ஒதுங்கி நின்றது என்ற ஒரே ஒரு இடத்தைத்தான். அது ஒதுங்கி நிற்கவில்லை. காத்துக்கொண்டு நின்றது.

அவர் மனைவிக்கு முழங்கால் வலி. வெந்நீரில் உட்காருங்கள் என்று டாக்டர் ஒரு பேச்சுக்குச் சொன்னார். அந்த அம்மாவின் தம்பி அதைப் பிடித்துக்கொண்டான். தையல் மெஷின் ரிப்பேர் செய்கிறவன். ஊசி ஏறி இறங்குகிற மெஷினைச் சரி செய்யத் தெரிந்தால் உலகத்தில் எந்த மெஷினையும் சரி செய்யலாம் என்பது அவன் கட்சி. மூடிப்போன ஓட்டல் ஒன்றிலிருந்து வெந்நீர்த் தொட்டியைப் பெயர்த்து வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து அக்கா வீட்டுப் பின்கட்டில் இறக்கினான். நாலு பேர் உட்காரலாம். விளிம்பு முழுக்க பளபளவென்று எவர்சில்வர் கம்பி. அடியில் ஹீட்டர், மோட்டார், குழாய்.

"லட்சம் பேர் குளிக்கலாம் போலிருக்கே மச்சான்!"

"நாலு பேர் மாமா. நாலே நாலு."

இந்த மச்சினன் லட்சம் சொல்லும் எதையும் நம்பியதில்லை. மழை பெய்கிறது என்று அவர் சொன்னால், வெளியே போய் நனைந்து பார்த்துவிட்டு வந்துதான் குடையைத் தேடுவான்.

ஒயரிங்குக்கு ஒரு எலக்ட்ரீஷியன் பெண் வந்தாள். அவளுக்குத் தெரு வைத்த பேர் ஃபியூஸ். சட்டென்று எரிந்துவிடுவாள், ஆனால் அவள் எரிந்த வீடு எதுவும் எரிந்ததில்லை. வந்ததும் தொட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தாள்.

"இதுக்குன்னு தனி ஒயர், தனி ட்ரிப்பர். வேற எதோடயும் சேர்க்கக் கூடாது. தண்ணியில கரண்ட் கசிஞ்சா நீங்க 'ஐயோ'ன்னு சொல்றதுக்குள்ள ட்ரிப்பர் விழுந்துடணும். அப்புறம் வெளியே ஒரு சுவிட்ச் பெட்டி வேணும். தொட்டியில இருந்து பார்த்தா கண்ணுக்குத் தெரியணும், கை நீட்டினா எட்டக் கூடாது."

"புரிஞ்சுதும்மா. நான் பொண்ணு பார்க்கப் போன அன்னிக்கு இவ என் முன்னாடி நின்ன மாதிரி."

"எட்டாமலே இருந்திருக்கலாம்," என்றது சமையலறை ஜன்னல்.

ஃபியூஸ் எர்த்துக்காகத் தோட்டத்து மூலையில் குழி தோண்டி, கம்பி இறக்கி, அங்கிருந்து தொட்டி வரை குழாய்க்குள் பச்சை ஒயர் இழுத்துவிட்டாள். தொட்டியின் இரும்பு அத்தனையும் அந்தப் பச்சையில் சேர வேண்டும் என்றாள். வெளியே மாட்டும் சுவிட்ச் பெட்டி மட்டும் கடையில் இல்லை, வரவேண்டியிருந்தது. அதற்குள் ஒரு ரொட்டிக் கடையில் அடுப்பு ஒயர் கருகிவிட்டது என்று ஆள் வந்து அவளைக் கூட்டிப்போனான். போகிறபோது வாசலில் திரும்பி, "நான் வர்ற வரைக்கும் எதையும் தொடாதீங்க" என்றாள். பார்த்தது மச்சினனை.

தொடாதே என்றதும் அவனுக்குக் கை அரித்தது. அவள் வண்டிச் சத்தம் தெருமுனையில் அடங்கியதும் பச்சையையும் சேர்த்தே இணைப்பைக் கொடுத்தான். ட்ரிப்பர் டக்கென்று விழுந்தது. தூக்கினான். விழுந்தது. ஒயரை அதிலிருந்து கழற்றிப் பக்கத்திலிருந்த, கசிவைப் பார்க்காத, கரண்ட் அளவு மீறினால் மட்டும் விழுகிற சாதாரண சுவிட்சில் மாட்டினான். அது சற்று நேரம் யோசித்துவிட்டு விழுந்தது. ஓட்டலில் கிடந்து ஹீட்டர் உள்ளே விரிசல் விட்டிருந்தது. கசிகிற கரண்ட் அத்தனையும் பச்சை ஒயர் வழியாக மண்ணுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வீடு எவ்வளவு கத்த முடியுமோ அவ்வளவு கத்திக்கொண்டிருந்தது. மச்சினன் தையல்கார மூளையால் யோசித்தான். தைக்கும்போது நூல் சிக்கினால் எந்த நூல் சிக்குகிறதோ அதை எடுத்துவிட வேண்டும். பச்சையை எடுத்துவிட்டான். சுவிட்ச் நின்றது. மோட்டார் ஓடியது. வீடு அமைதியானது.

அப்போதுதான் ஃபியூஸ் போன் செய்தாள். பின்னால் ரொட்டிக் கடையின் இரைச்சல்.

"அண்ணா, தொட்டிக்கு லைன் குடுத்துட்டீங்களாமே? சார் இப்பதான் போன்ல லட்சம் குமிழி வருதுன்னு சொன்னாரு. எர்த் எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு, எடுத்தாச்சு."

"அப்ப பயம் இல்லை. வேலை முடிச்சுட்டு வந்து பார்க்கிறேன்."

ஒரே சொல். அவள் தொழிலில் எர்த் எடுப்பது என்றால் மண்ணிலிருந்து ஒயர் எடுத்துவந்து மாட்டுவது. அவன் தொழிலில் எடுப்பது என்றால் கழற்றிப் போடுவது. இரண்டு பேரும் உண்மையைத்தான் பேசினார்கள். பக்கத்தில் நின்று ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த லட்சத்துக்கும் பயமில்லை என்ற வார்த்தைதான் காதில் விழுந்தது.

தண்ணீர் நன்றாகச் சூடேறியதும் அந்த அம்மா இறங்கினாள். மரப் படியில் ஏறி, கால் தரையைவிட்டு முழுசாக எழுந்த பிறகு தொட்டிக்குள் வைத்தாள். படியும் காய்ந்து இருந்தது. பெரிய உதவி அது. அப்போது யாருக்கும் தெரியாது. கழுத்து வரை தண்ணீரில் கண்ணை மூடிக்கொண்டு, "இத்தனை வருஷம் எங்கே இருந்தே நீ?" என்று தண்ணீரைக் கேட்டாள். அந்தக் குரலில் அவள் தன்னை ஒரு நாளும் கேட்டதில்லை என்று லட்சத்துக்குப் பொறாமையாக இருந்தது.

மச்சினன் சேறும் சகதியுமாகக் கிடந்த இடத்தை ரப்பர் குழாயால் கழுவிவிட்டுக்கொண்டிருந்தான். வெறுங்கால். மரப் படியை நகர்த்தி வேலியோரம் சாய்த்துவிட்டு, அது இருந்த இடத்தையும் கழுவினான்.

லட்சம் ஒரு டம்ளரில் டீ கொண்டுவந்தார். அவள் கை நீட்டி வாங்கினாள். விரல் விரலில் பட்டது. லட்சத்தின் உடம்பில் ஒரு சிலிர்ப்பு ஓடியது.

மனிதர் பூரித்துப்போனார். "பார்த்தியா! நமக்குள்ள இன்னும் இருக்கு!"

"என்ன இருக்கு? சுருக்குன்னு குத்துது. முதல்ல நகத்தை வெட்டுங்க."

அவர் விடுவாரா? குறும்பாக, புறங்கையால், அவள் கையை இன்னொரு தடவை தொட்டார். இந்தத் தடவை அது விரலோடு நிற்கவில்லை. முழங்கை வரை எறும்புப் படை போல் ஏறி, அங்கே ஒரு உதறு உதறியது. காதல் முழங்கையில் உதறாது. லட்சம் கையை இழுத்துக்கொண்டு கீழே பார்த்தார். ஈரத்தில் நிற்கும் தன் ரப்பர் செருப்புகள். இடது செருப்பின் குதிகால் தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது. அந்த ஓட்டை வழியாகத் தரையின் ஈரம் காலில் ஜில்லென்று ஒட்டியது. மற்ற இடமெல்லாம் ரப்பர்.

அவர் வாயிலிருந்த சிரிப்பு அப்படியே உறைந்தது.

எடை மேடையில் ஒரு மழை நாள். விளக்குக் கம்பத்து ஒயர் அறுந்து ஒரு லாரியின் மேல் கிடந்தது, யாரும் பார்க்கவில்லை. உள்ளே டிரைவரும் கிளீனரும் கடலை கொறித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஒன்றுமில்லை. எடைச் சீட்டு வாங்க கிளீனர் இறங்கினான். ஒரு கை கதவில், ஒரு கால் தரையில். அவ்வளவுதான். கண்டதை எல்லாம் லட்சமாக்கிச் சொன்னவர் இதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. அதில் கூட்டவும் ஒன்றுமில்லை, குறைக்கவும் ஒன்றுமில்லை. உள்ளே உட்கார்ந்திருக்கிறவனை அது ஒன்றும் செய்யாது. இறங்குகிறவனுக்காகக் காத்திருக்கும். இது ஒன்றுதான் அவர் மனசில் தங்கியிருந்தது.

"போதுங்க. தலை சுத்துற மாதிரி இருக்கு, எந்திரிக்கிறேன்," என்று அவள் டம்ளரை விளிம்பில் வைத்தாள். "அந்தப் படியை எடுத்துப் போடச் சொல்லுங்க. இல்லைன்னா நீங்க கையைக் குடுங்க, அப்படியே காலை வெச்சு இறங்கிக்கிறேன்."

"இறங்காதே! தண்ணியில கரண்ட்! லட்சம் வோல்ட்!"

பழக்கதோஷம். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அந்த ஒரு வார்த்தையால் எல்லாம் கெட்டது.

"ஆரம்பிச்சுட்டாரு," என்றாள் அவள்.

"லட்சம் வோல்ட் இருந்தா அக்கா இந்நேரம் அப்பளம் ஆகியிருப்பா மாமா," என்று மச்சினன் சிரித்தான். குழாயைக் கீழே போட்டான். சளக் சளக்கென்று ஈரத்தில் வெறுங்காலோடு நடந்துவந்தான். "வாக்கா. நான் பிடிச்சுக்கிறேன்."

லட்சம் பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். "கிட்டப் போகாதே! நிஜமாடா! சத்தியமாடா!"

"சட்டையை விடுங்க மாமா. இதே சத்தியத்தைத்தான் மாடியில யானை நிக்குதுன்னும் பண்ணீங்க."

ஒரு பித்தான் தெறித்தது. மச்சினன் நல்ல கட்டுமஸ்தான ஆள். ஒரு உலுக்கில் விடுவித்துக்கொண்டான். கையை நீட்டினான். தொட்டிக்குள்ளிருந்து அவள் கையை நீட்டினாள். இரண்டு கைக்கும் நடுவே ஒரு முழம்தான். லட்சம் கத்த நினைத்தார். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. இத்தனை நாள் ஊர் முழுக்க வாரி இறைத்த குரல், வேண்டிய நேரத்தில் தீர்ந்துபோயிருந்தது. மிச்சம் இருந்ததை வைத்துக்கொண்டு அவர் சொன்னார்.

"கொஞ்சமா... கொஞ்சமா கரண்ட் வருதும்மா. கொஞ்சம் அப்படியே உட்காரு."

அந்த அம்மாவின் கை அந்தரத்தில் நின்றது. அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையை மெல்ல மடக்கி, மார்போடு சேர்த்து, தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டாள். தொட்டி நடுவுக்கு நகர்ந்தாள்.

"டேய். கிட்ட வராதே."

"அக்கா, நீயுமா? அவர் சொல்றதைப் போய்..."

"உங்க மாமா கொஞ்சம்னு சொல்றார்டா!"

மச்சினன் நின்றான். நம்பி அல்ல, அக்காவின் குரலுக்குப் பயந்து.

"வேலி கிட்டப் போய் நில்லு. படியில ஏறி நில்லு," என்றார் லட்சம். பிறகு அவளிடம், "நான் போய் மெயினை இறக்கிட்டு வர்றேன். எதையும் தொடாதே. வாயைக்கூடத் திறக்காதே." வாய் பேசினால் அவளுக்குக் கையும் சேர்ந்து பேசும். கை பேசினால் அந்தக் கம்பியில் படும், டம்ளரில் படும்.

வீட்டுக்குள் ஓடினார். வெளியே சுவிட்ச் பெட்டி இருந்திருந்தால் அவள் கண் முன்னாலேயே எட்டி இறக்கியிருக்கலாம். இப்போது சமையலறை, கூடம், நடை எல்லாவற்றையும் தாண்டி மாடிப்படிக்குக் கீழே போக வேண்டும். அவளைப் பார்க்க முடியாது. முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறதோ. கூடத்தைக் கடக்கும்போது ஒரு 'தொப்' கேட்டது போலிருந்தது. நிற்கவா? திரும்பவா? ஊருக்கெல்லாம் கதை கட்டிப் போட்ட மனசு இப்போது அவருக்கே கட்டியது, அதுவும் சும்மா இல்லை, லட்சக்கணக்கில். ஒவ்வொரு அடிக்கும் அவள் ஒரு தடவை தொட்டியிலிருந்து காலை எடுத்துத் தரையில் வைத்தாள். ஒவ்வொரு தடவையும் கிளீனர் விழுந்தது போலவே விழுந்தாள்.

மாடிப்படிக்குக் கீழே மச்சினனின் மெஷின் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. சரித்துத் தள்ளினார். சுவிட்சுகள் வரிசையாக முறைத்தன. எது தொட்டிக்கு? அவன் எதிலிருந்து எதற்கு மாற்றினானோ! மேலே பெரிய மெயின் கைப்பிடி. நீட்டிய கை ஈரம். சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார். கையைத் தலைமயிரில் துடைத்தார், தலையும் வியர்வையில் ஈரம். ஜன்னல் திரையில் துடைத்தார். ஓட்டைச் செருப்பைப் பார்த்துவிட்டு ஒரு அட்டைப் பெட்டியை மிதித்து அதன்மேல் ஏறிக்கொண்டார். கைப்பிடி அசையவில்லை. எப்போதோ பெயிண்ட் அடித்தபோது சேர்த்து அடித்துவிட்டார்கள். தொங்கிப் பார்த்தார். "இறங்கித் தொலையேன்! நீ இறங்கு, அவ இறங்கக் கூடாது!" என்று கைப்பிடியிடம் அழுதார்.

படாரென்று இறங்கியது.

ஃபிரிட்ஜ் ஒரு குலுக்கு குலுக்கி அடங்கியது. கூடத்து ஃபேன் சுற்றிச் சுற்றி நின்றது. தோட்டத்து மோட்டார் சத்தமும் நின்றது. வீட்டில் அப்படி ஒரு நிசப்தத்தை அவர் கேட்டதே இல்லை.

"ஏய்! இருக்கியா?"

பதில் இல்லை.

"இந்தாம்மா! ஒரு குரல் குடு!"

இல்லை. இத்தனை வருஷ வாழ்க்கையில் அவர் ஒன்று கேட்டு அவள் பத்து பதில் சொல்லாத நாள் கிடையாது. சுவரைப் பிடித்துக்கொண்டு, செருப்பில் ஒன்று எங்கோ கழன்று விழ, நடையையும் கூடத்தையும் சமையலறையையும் எப்படித் தாண்டினார் என்று அவருக்கே தெரியாது. பின்வாசலில் வந்து நின்றார்.

அவள் தொட்டி நடுவில், கைகளை மார்போடு கட்டிக்கொண்டு, உதட்டை உள்ளே மடித்து இறுக்கி, அவரை எரித்துவிடுவது போல் பார்த்துக்கொண்டிருந்தாள். உயிரோடு.

"ஏன்... ஏன் கூப்பிட்டா பேச மாட்டேங்கிறே?"

"நீங்கதானே வாயைத் திறக்காதேன்னீங்க! இப்ப திறக்கலாமா? திறந்துட்டேன். உங்களை லட்சம் தடவை..."

அதற்குமேல் அவள் சொன்னதை அச்சில் போட முடியாது. லட்சம் கேட்டுக்கொண்டே அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்துபோய், மெயினை இறக்கியும் நம்பிக்கை வராமல், படியைத் தொட்டியோரம் போட்டு அதில் ஏறி, முதலில் தானே புறங்கையால் கம்பியைத் தொட்டுப் பார்த்தார். ஒன்றுமில்லை. பிறகும் அவள் ஒரு காலை வெளியே எடுத்தபோது மூச்சை நிறுத்திக்கொண்டார். கால் படியில் பட்டது. தரையில் பட்டது. அடுத்த காலும். அவளைத் துண்டோடு சேர்த்துக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அவளும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தாள்.

"பார்த்தீங்களா? ஒண்ணும் ஆகலை," என்றான் மச்சினன். வேலியோரப் படி போய்விட்டதால் ஒரு செங்கல்லின் மேல் நின்றுகொண்டிருந்தான். "குளிர்ல சில சமயம் அப்படிச் சுருக்குங்கும். இதுக்குப்போய் என் சட்டைப் பித்தானைப் பிச்சுட்டாரு."

ஃபியூஸ் சுவிட்ச் பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். லட்சம் சொன்னதைக் கேட்டதும் முகம் மாறியது. "வாய்ப்பே இல்லை சார். எர்த் எடுத்தாச்சுன்னு அண்ணன் சொன்னாரே?"

"எடுத்துட்டேன்ம்மா. எடுத்து பத்திரமாத்தான் வெச்சிருக்கேன்," என்று மச்சினன் டூல் பெட்டியிலிருந்து பச்சை ஒயரைச் சுருளாக எடுத்து நீட்டினான்.

எரிய வேண்டிய ஃபியூஸ் எரியவில்லை. தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, நான் மாட்டியாச்சான்னு கேட்டிருக்கணும்," என்றாள். அதை இரண்டு தடவை சொன்னாள்.

"அதனால என்ன? மெஷின் ஓடுச்சு, தண்ணி சுட்டுச்சு. மாமாவுக்குக் கை நடுங்கியிருக்கும்."

அவள் பையிலிருந்து ஒரு ஹோல்டரில் மாட்டிய பல்பை எடுத்தாள். அதிலிருந்து இரண்டு நீள ஒயர். ஒன்றைத் தொட்டியின் கம்பியில் கவ்வ வைத்தாள். ஒரு இரும்புக் கம்பியை எடுத்து, "நீங்க எங்கே நின்னீங்கண்ணா?" என்று கேட்டாள். சிமெண்டுத் தரை முடிந்து ஈர மண் தொடங்கும் இடத்தில் மச்சினனின் காலடி ஆழமாகப் பதிந்திருந்தது. கம்பியை அதற்குள் அடித்து இறக்கி, இரண்டாவது ஒயரை அதில் முடிந்தாள். எல்லோரையும் சமையலறை வாசலுக்கு ஏற்றிவிட்டு, தானே உள்ளே போய் மெயினைத் தூக்கினாள்.

பல்பு பளீரென்று எரிந்தது. சாயங்கால வெயிலிலும் கண் கூசுகிற அளவுக்கு எரிந்தது.

மெயின் மறுபடி இறங்கியது. பல்பு அணைந்தது. மச்சினன் குனிந்து தன் வெறுங்காலைப் பார்த்தான், சேறு இன்னும் காயாமல் விரலிடுக்கில் இருந்தது.

"இப்ப சொல்லுடா," என்றாள் அக்கா, துண்டை இறுக்கிக்கொண்டு. "உங்க மாமா சொன்னது கதையா?"

அவன் ஈர மண்ணில் நின்ற இரும்புக் கம்பியைக் கையால் காட்டினான்.

"இல்லக்கா. நடந்துச்சு. அந்தக் கம்பி நிக்குதே, அங்கேதான் நான் நின்னு உனக்குக் கையை நீட்டினேன்."